தினம் ஒரு சதவீதம் உறுதியா? மைனிங் சொற்களும் அவற்றுக்குப் பின்னால் உள்ள கணக்கும்

கேள்வி: வணக்கம் ஐயா. என் மைத்துனர் ஒரு ‘கிளவுட் மைனிங்’ திட்டத்தில் பணம் போட்டிருக்கிறார். என்னையும் சேரச் சொல்கிறார். 10 டெரா ஹாஷ் வேகம், 24 மாத ஒப்பந்தம், தினமும் ஒரு சதவீத வருமானம் உறுதி என்று ஒரு குறிப்பு அனுப்பினார். அதில் ஹாஷ் ரேட், நான்ஸ், டிஃபிகல்ட்டி, பூல், ஹால்விங் என்று பக்கம் முழுக்கப் புரியாத சொற்கள். அவரைக் கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. என் போனில் ஏற்கெனவே ஒரு ‘மைனிங்’ ஆப் வைத்திருக்கிறேன். தினம் ஒரு பட்டனைத் தொட்டால் காயின் சேர்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா? ஸ்டேக்கிங் என்பதும் மைனிங்தானா? ஆரம்பத்திலிருந்து விளக்குவீர்களா? இன்னும் பணம் அனுப்பவில்லை.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அனுப்பவும் வேண்டாம்.

நான் பல வருடங்கள் ஒரு மைனிங் பூலின் கணக்கு மென்பொருளைப் பராமரித்தவன். யாருக்கு எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்று கணக்கிடும் வேலை. நீங்கள் பட்டியல் போட்ட சொற்கள் எல்லாமே அந்த ஒரே கணக்கின் உறுப்புகள். தனித்தனியாக மனப்பாடம் செய்யப் போனால் மிரட்டும். கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அதனால் அகராதி மாதிரி சொல்லிக்கொண்டு போகாமல், உங்கள் மைத்துனர் அனுப்பிய குறிப்பையே கணக்குப் போட்டுப் பார்க்கும் இடம்வரை உங்களைக் கூட்டிப் போகிறேன்.

மைனிங்குக்கு அடித்தளமான பிளாக்செயின் என்பது ஒரு பேரேடு. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்று வரிசையாக எழுதி வைத்த கணக்குப் புத்தகம். வங்கிக் கணக்கென்றால் அந்தப் புத்தகம் வங்கியிடம் மட்டும் இருக்கும். பிட்காயினில் அதன் முழு நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. அப்படி நகலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கும் கணினிக்கு நோட் என்று பெயர். புத்தகத்தின் ஒரு பக்கம்தான் பிளாக். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முந்தைய பக்கத்தின் அடையாள எண் எழுதியிருக்கும். பழைய பக்கம் ஒன்றில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும் அதன் அடையாள எண் மாறிவிடும். அதற்குப் பிறகு வந்த பக்கங்கள் எதுவும் அதனோடு பொருந்தாது. சங்கிலி என்ற பெயர் வந்தது இதனால்தான்.

சரி, எல்லோரிடமும் நகல் இருக்கிறது. அடுத்த பக்கத்தை யார் எழுதுவது? யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், ஒரே காசை இரண்டு பேருக்குக் கொடுத்ததாக ஒருவர் எழுதிவிட்டுப் போய்விடலாம். சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை இந்தச் சிக்கலுக்குத்தான் வழி சொன்னது. பக்கம் எழுத வருகிறவர், அதற்காகக் கணினி நேரத்தையும் மின்சாரத்தையும் உண்மையிலேயே செலவழித்தேன் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அந்த அத்தாட்சிதான் ப்ரூஃப் ஆஃப் வொர்க். அதைத் தேடுகிற வேலை மைனிங். பெயரைக் கேட்டால் பூமியைத் தோண்டித் தங்கம் எடுக்கிற காட்சி மனதில் வரும். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதே இல்லை. தோண்டினால் ஏதோ கிடைத்தே தீரும் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. உள்ளே நடப்பது பகடை உருட்டுவது.

ஹாஷ் என்பது ஒரு உருட்டலில் விழும் எண். மேலே சொன்ன பக்கத்தின் அடையாள எண்ணும் இதுதான். பிட்காயினில் ஷா-256 என்ற கணித முறை பயன்படுகிறது. அதற்குள் ஒரு சொல்லைக் கொடுத்தாலும் ஒரு நூலகத்தையே கொடுத்தாலும், வெளியே வருவது 64 இடங்கள் கொண்ட ஒரே நீள எண்தான். அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே விடை. ஒரு காற்புள்ளியைச் சேர்த்தால் முற்றிலும் வேறு விடை. விடையைப் பார்த்து உள்ளீடு என்னவென்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க வழியில்லை. இந்தக் கடைசிக் குணம்தான் மைனிங்கைச் சாத்தியமாக்குகிறது. குறிப்பிட்ட மாதிரி விடை வேண்டுமென்றால், உள்ளீட்டை மாற்றி மாற்றி உருட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு சாமர்த்தியம் எதுவும் செல்லாது.

பிட்காயின் கேட்பது என்ன மாதிரி விடை? குறிப்பிட்ட ஒரு எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அந்த எல்லைக்கு டார்கெட் என்று பெயர். பார்வைக்கு அது முன்னால் நிறைய பூஜ்ஜியங்கள் கொண்ட எண்ணாகத் தெரியும். 2009 ஜனவரி 3 அன்று உருவான முதல் பிளாக்கின் ஹாஷ் 10 பூஜ்ஜியங்களோடு தொடங்குகிறது. 2024-ல் உருவான பிளாக்குகளில் சுமார் 19 பூஜ்ஜியங்கள். ஒன்பதுதானே கூடியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் 16 விதமான குறிகள் வரலாம். அதனால் பூஜ்ஜியம் ஒன்று கூடும்போதெல்லாம் தேடல் 16 மடங்கு கடினமாகிறது.

உருட்டும்போது மாற்றிக்கொண்டே போகிற எண்ணுக்குத்தான் நான்ஸ் என்று பெயர். பிளாக்கின் தலைப்பு மொத்தமே 80 பைட்டுகள். முந்தைய பிளாக்கின் ஹாஷ், இந்தப் பிளாக்கில் உள்ள எல்லாப் பரிவர்த்தனைகளையும் சுருக்கிச் சொல்லும் மெர்க்கல் ரூட், நேரம், டார்கெட், பதிப்பு எண், இவற்றோடு நான்ஸ். நான்ஸுக்கு ஒதுக்கியிருக்கும் இடத்தில் சுமார் 429 கோடி எண்கள் அடங்கும். பெரிதாகத் தெரிகிறதா? நொடிக்கு 100 டெரா ஹாஷ், அதாவது ஒரு கோடி கோடி உருட்டல், போடும் ஒரு இயந்திரம் அத்தனை எண்களையும் ஒரே நொடியில் 23,000 தடவை தீர்த்துவிடும். நான்ஸ் தீர்ந்ததும் காயின்பேஸ் பரிவர்த்தனையில் ஏதாவது ஒரு எழுத்தை மாற்றிவிட்டு மறுபடி தொடங்குவார்கள்.

காயின்பேஸ் என்ற பெயரில் ஒரு பெரிய நிறுவனம் இருப்பதால் புதிதாக வருகிறவர்கள் இங்கே குழம்புவார்கள். இந்தச் சொல் அந்த நிறுவனத்துக்கு முன்பிருந்தே உண்டு. ஒவ்வொரு பிளாக்கிலும் முதல் வரியாக, அந்தப் பிளாக்கைக் கண்டுபிடித்தவர் தனக்குரிய வெகுமதியை எழுதிக்கொள்கிறார். அந்த வரிதான் காயின்பேஸ். அதில் கொஞ்சம் வெற்று இடம் உண்டு. முதல் பிளாக்கில் சடோஷி அந்த இடத்தில் அன்றைய லண்டன் நாளிதழ் ஒன்றின் தலைப்புச் செய்தியை எழுதி வைத்தார். வங்கிகளை அரசு இரண்டாவது முறை காப்பாற்றப் போகிற செய்தி. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த வரி ஒரு சிலிர்ப்பைத் தருகிறது. அப்புறம் ஒரு நடைமுறை விஷயம்: காயின்பேஸில் வந்த காசை உடனே செலவழிக்க முடியாது. அதற்கு மேல் 100 பிளாக்குகள் சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

வெகுமதி இரண்டு பகுதியாக வரும். ஒன்று, புதிதாகப் பிறக்கும் காயின். மற்றொன்று, அனுப்புகிறவர்கள் தரும் கட்டணம். அனுப்பப்பட்டு இன்னும் பிளாக்கில் ஏறாத பரிவர்த்தனைகள் காத்திருக்கும் இடம் மெம்பூல். கூட்டம் அதிகமானால் கூடுதல் கட்டணம் கொடுத்தவரை மைனர், அதாவது மைனிங் செய்கிறவர், முதலில் ஏற்றுகிறார். ஏறிய பிறகு அதன் மேல் பிளாக்குகள் சேரச் சேர, அதை மாற்றுவது கடினமாகிக்கொண்டே போகும். அதைத்தான் கன்ஃபர்மேஷன் என்று எண்ணுகிறார்கள். பெரிய தொகைக்கு ஆறு என்பது பழைய வழக்கம்.

புதிதாகப் பிறக்கும் காயின் 2,10,000 பிளாக்குகளுக்கு ஒரு முறை, அதாவது ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒரு முறை, பாதியாகக் குறையும். அதுதான் ஹால்விங். தொடக்கத்தில் பிளாக்குக்கு 50 பிட்காயின். 2012-ல் 25, 2016-ல் 12.5, 2020-ல் 6.25, 2024 ஏப்ரலில் 3.125. மொத்தம் 2.1 கோடிக்கு மேல் போகாது. அதில் 1.96 கோடிக்கு மேல் 2024 ஹால்விங் நேரத்திலேயே பிறந்துவிட்டது. மைனர் ஒருவரின் பார்வையில் ஹால்விங் என்றால், நேற்று செய்த அதே வேலைக்கு இன்று பாதிச் சம்பளம். பழைய இயந்திரங்கள் அந்த நாட்களில்தான் அணைக்கப்படுகின்றன.

இனி டிஃபிகல்ட்டி. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பிட்காயின் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் வர வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது. இயந்திரங்கள் பெருகினால் பிளாக்குகள் சீக்கிரம் சீக்கிரம் வரும். அதனால் 2,016 பிளாக்குகளுக்கு ஒரு முறை, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு நோடும் தானே கணக்குப் பார்த்து டார்கெட்டைத் திருத்திக்கொள்ளும். வேகமாக வந்திருந்தால் கடினமாக்கும். மெதுவாக வந்திருந்தால் தளர்த்தும். 2021-ல் சீனா மைனிங்கைத் தடுத்தபோது ஏராளமான இயந்திரங்கள் ஒரே நேரத்தில் நின்றுபோயின. அந்த ஜூலையில் டிஃபிகல்ட்டி ஒரே திருத்தத்தில் சுமார் 28 சதவீதம் இறங்கியது. வலைப்பின்னலை நடத்த ஒரு மேலாளர் தேவைப்படவில்லை. ஆனால் இதன் மறுபக்கம் உங்களுக்கு முக்கியம். உலகில் யாரோ எங்கோ புதிய இயந்திரங்களைக் கொட்டினால், உங்கள் இயந்திரம் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் வருமானம் குறையும். பூலில் வேலை பார்த்தபோது, திருத்தம் நடந்த மறுநாள் எங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பும். “நேற்றைவிட இன்று குறைவாக வந்திருக்கிறது, எடுத்துக்கொண்டீர்களா?” என்று கேட்பார்கள். அத்தனை பேருக்கும் நான் எழுதிய பதில் இந்தப் பத்திதான்.

ஹாஷ் ரேட் என்பது நொடிக்கு எத்தனை உருட்டல் என்ற வேகம். ஒரு டெரா ஹாஷ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி உருட்டல். ஒரு எக்ஸா ஹாஷ் என்பது பத்து லட்சம் டெரா ஹாஷ். 2024-ல் மொத்த பிட்காயின் வலைப்பின்னலின் வேகம் 600 எக்ஸா ஹாஷைத் தாண்டிவிட்டது. இயந்திரங்களின் வரலாற்றை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: முதலில் சாதாரண கணினி, 2010 வாக்கில் கிராஃபிக்ஸ் கார்டு, 2013 முதல் இந்த ஒரே வேலைக்காகச் செய்யப்பட்ட ஏசிக் என்னும் சிப்பு. கிராஃபிக்ஸ் கார்டுகளை வரிசையாக மாட்டிய சட்டத்தைத்தான் ரிக் என்பார்கள். ஏசிக் வாங்குகிறவர் வேகத்தைவிட முக்கியமாகப் பார்ப்பது, ஒரு டெரா ஹாஷுக்கு எத்தனை ஜூல் மின்னாற்றல் செலவாகிறது என்பதை. 2016-ல் வந்த பிரபலமான ஆன்ட்மைனர் எஸ்9-க்கு அது நூறை ஒட்டி இருந்தது. 2020-ல் வந்த எஸ்19 ப்ரோவுக்கு முப்பதுக்குள். எஸ்21-க்கு 17.5.

இப்போது கணக்குப் போடலாம். உங்களிடம் 100 டெரா ஹாஷ் இயந்திரம் ஒன்று இருக்கிறது. வலைப்பின்னல் 600 எக்ஸா ஹாஷ் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மொத்தத்தில் 60 லட்சத்தில் ஒரு பங்கு. வருடத்துக்குச் சுமார் 52,560 பிளாக்குகள். ஆக, தனியாக உருட்டினால் உங்களுக்கு ஒரு பிளாக் கிடைக்கச் சராசரியாக 114 வருடம் ஆகும். நாளைக்கே அடிக்கலாம், ஒருபோதும் அடிக்காமலும் போகலாம். இப்படித் தனியாக முயல்வது சோலோ மைனிங்.

இந்த நிச்சயமின்மையைத் தாங்க முடியாதவர்கள் சேர்ந்து உருட்டும் கூட்டம்தான் பூல். யார் பிளாக்கைக் கண்டுபிடித்தாலும் வெகுமதி உழைப்புக்கு ஏற்பப் பிரியும். உழைப்பை எப்படி அளப்பது? பூல் ஒரு சுலபமான டார்கெட் வைக்கும். உங்கள் இயந்திரம் அதை எட்டும்போதெல்லாம் அந்த விடையைப் பூலுக்கு அனுப்பும். அதற்கு ஷேர் என்று பெயர். முதலீட்டுப் பங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘உங்களுக்குப் பூலில் ஷேர் உண்டு’ என்று யாராவது சொன்னால், அவர் பெயரை வைத்து ஏமாற்றுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிளாக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஷேருக்கு இவ்வளவு என்று தரும் முறை பிபிஎஸ். பிளாக் கிடைத்தால் மட்டும் கடைசியாக வந்த ஷேர்களுக்குப் பிரிக்கும் முறை பிபிஎல்என்எஸ். முதலாவதில் ஆபத்தைப் பூல் சுமப்பதால், கட்டணம் பொதுவாகக் கூடுதல்.

ஒரு நாளில் 144 பிளாக்குகள், பிளாக்குக்கு 3.125, ஆக 450 புதிய பிட்காயின்கள். அதில் 60 லட்சத்தில் ஒரு பங்கு 0.000075 பிட்காயின். ஒரு பிட்காயினைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் வரும் மிகச் சிறிய அலகு சடோஷி. அந்தக் கணக்கில் நாளுக்கு 7,500 சடோஷி. கட்டணங்களால் கொஞ்சம் கூடும். எதிர்ப்பக்கம், மூன்று கிலோவாட் இழுக்கும் இயந்திரம் நாளுக்கு 72 யூனிட் மின்சாரம் தின்னும்.

உங்கள் மைத்துனரின் 10 டெரா ஹாஷுக்கு இதில் பத்தில் ஒன்று: நாளுக்கு 750 சடோஷி. 24 மாதத்துக்கு 730 நாள் என்று வைத்தால் மொத்தம் 5,47,500 சடோஷி, அதாவது 0.0055 பிட்காயினுக்கும் குறைவு. டிஃபிகல்ட்டி ஒரு தடவைகூட ஏறாமல், பூல் கட்டணமும் மின்சாரமும் பராமரிப்பும் கழியாமல் இருந்தால்தான் இவ்வளவு. வலைப்பின்னல் இதைவிடப் பெரிதானால் இன்னும் குறையும். நடுவில் ஒரு ஹால்விங் வந்தால் அங்கிருந்து பாதி. ஒப்பந்தத்துக்கு அவர்கள் கேட்கும் தொகையை இன்றைய பிட்காயின் விலையில் மாற்றி, இந்த எண்ணின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அந்த ‘தினம் ஒரு சதவீதம் உறுதி’க்கு வருகிறேன். மைனிங் வருமானம் டிஃபிகல்ட்டி, காயின் விலை, கட்டணம், மின் செலவு ஆகிய நான்கையும் பொறுத்தது. நான்கும் மாறிக்கொண்டே இருப்பவை. இவற்றில் ஒன்றைக்கூட யாரும் உறுதி செய்ய முடியாது. அப்படியிருக்க, போட்ட பணத்தில் இத்தனை சதவீதம் என்று தினமும் தவறாமல் வருகிறது என்றால் அந்தப் பணம் இயந்திரத்திலிருந்து வரவில்லை. பெரும்பாலும் உங்களுக்குப் பின்னால் சேர்கிறவரின் பையிலிருந்து வருகிறது. மைத்துனர் உங்களைச் சேர்த்தால் அவருக்குக் கமிஷன் உண்டா என்று கேளுங்கள். பிட்கிளப் நெட்வொர்க் என்ற மைனிங் முதலீட்டுத் திட்டத்தை நடத்தியவர்கள் மீது 2019 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது. குற்றச்சாட்டில் சொல்லப்பட்ட தொகை 72.2 கோடி டாலர். அங்கேயும் பூல், ஹாஷ் ரேட் என்ற இதே சொற்கள்தான், ஆள் சேர்த்தால் பரிசு என்ற இதே ஏற்பாடுதான்.

கிளவுட் மைனிங் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. வேறு இடத்தில் ஓடும் இயந்திரத்தின் வேகத்தை வாடகைக்கு எடுப்பது என்பதுதான் அதன் பொருள். நேர்மையாக நடத்துகிறவர்கள் சதவீதம் சொல்ல மாட்டார்கள். டெரா ஹாஷுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு பராமரிப்புக் கட்டணம் என்று சொல்வார்கள். வருமானம் அந்தக் கட்டணத்துக்குக் கீழே போனால் ஒப்பந்தம் நின்றுவிடும் என்ற விதியையும் எழுதியிருப்பார்கள். அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

போனில் இருக்கும் ஆப் வேறு கதை. போன் நொடிக்கு ஒரு கோடி ஹாஷ் போடும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மேலே போட்ட அதே கணக்கில் ஒரு பிட்காயின் பிளாக்குக்கு 114 கோடி வருடம் ஆகும். போனுக்குள்ளேயே மைனிங் செய்யும் ஆப்களை 2018-லேயே ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடைகளில் தடை செய்துவிட்டன. ஆகவே பட்டனைத் தொடும்போது உங்கள் போன் எதையும் உருட்டுவதில்லை. ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு எண் கூடுகிறது, அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு என்றாவது விலை வருமா என்பது அந்த நிறுவனத்தைப் பொறுத்தது. பணம் கேட்காதவரை உங்களுக்கு நஷ்டம் கொஞ்ச நேரம்தான். ஆனால் தொடர்புப் பட்டியலைக் கேட்கிறதா என்று அனுமதிகளைப் பாருங்கள். சரிபார்ப்பு என்ற பெயரில் உங்கள் வாலட்டின் 12 அல்லது 24 சொற்களைக் கேட்டால் அன்றே நீக்கிவிடுங்கள். வாலட்டுக்குள் காசு இருப்பதில்லை. காசை நகர்த்தும் சாவி இருக்கிறது. அந்தச் சொற்களிலிருந்துதான் சாவி பிறக்கிறது. சொற்களை வாங்கியவர் காசை வாங்கியவர்தான்.

ஸ்டேக்கிங் மைனிங்கில் சேராது. அங்கே பகடையே இல்லை. அடுத்த பிளாக்கை எழுத வருகிறவர் மின்சாரத்துக்குப் பதிலாகத் தன் காயினைப் பிணையாகப் பூட்டி வைக்கிறார். தவறு செய்தால் அதில் ஒரு பகுதி போய்விடும். எத்தேரியம் என்ற இன்னொரு பிளாக்செயின் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கை முழுவதும் விட்டுவிட்டு இந்த முறைக்கு மாறியது. அதன் மின் செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அதனால், எத்தேரியம் மைனிங் ஒப்பந்தம் என்று இன்று யாராவது விற்றால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டியதில்லை.

மைத்துனரிடம் சண்டை வேண்டாம். நம்பித்தான் போட்டிருக்கிறார். உட்காரவைத்து மூன்று விஷயம் கேளுங்கள். அவருடைய 10 டெரா ஹாஷ் எந்தப் பூலில் ஓடுகிறது, அதை அந்தப் பூலின் பக்கத்திலேயே அவரால் பார்க்க முடிகிறதா? வருமானம் அவருடைய சொந்த வாலட் முகவரிக்கு வருகிறதா, அல்லது அந்தத் தளத்தின் திரையில் மட்டும் கூடுகிறதா? போட்ட தொகை முழுவதையும் இன்றே எடுக்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல், அவரையே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தோ இருபதோ சின்னத் தொகை சுலபமாக வந்துவிடும். நம்பிக்கையை வளர்க்க அதை விட்டுக்கொடுப்பார்கள். முழுத் தொகையைக் கேட்கும்போது ‘முதலில் வரி கட்டுங்கள்’, ‘கணக்கைத் திறக்க வைப்புத் தொகை அனுப்புங்கள்’ என்று பதில் வந்தால், மேற்கொண்டு ஒரு காசும் அனுப்ப வேண்டாம். உரையாடல்கள், பணம் அனுப்பிய ரசீதுகள், அவர்கள் கொடுத்த வாலட் முகவரி எல்லாவற்றையும் அழிக்காமல் சேமித்துக்கொண்டு, அன்றே வங்கிக்கும் இணையக் குற்றப் பிரிவுக்கும் தெரிவியுங்கள். சில நாட்களில் ‘பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று வேறு யாராவது அவரைத் தொடர்புகொள்வார்கள். அவர்களுக்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.